சிங்கப்பூரில் சமத்துவத்துக்கு ஒரே ஆணையம்: 1966 விட்டுச்சென்ற பாதி வேலை

மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து, பிலிப்பீன்ஸ் ஆகிய அண்டை நாடுகளில் தேசிய மனித உரிமை ஆணையங்கள் உண்டு, சிங்கப்பூரில் இல்லை. ஐநா மனித உரிமை மன்றத்தின் மீளாய்வுகளில் இத்தகைய ஆணையத்தைப் பிற நாடுகள் பரிந்துரைத்தபோதெல்லாம், இருக்கும் சட்டங்களும் அமைப்புகளுமே போதும் என்பதுதான் அரசின் நிலைப்பாடு. அந்நிலைப்பாட்டை நாட்டின் சொந்த வரலாறே மறுக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். தலைமை நீதிபதி வீ சோங் ஜின் தலைமையிலான அரசமைப்பு ஆணையம் 1966இல் இரண்டு காவல்களைப் பரிந்துரைத்தது. ஒன்று, சிறுபான்மையினரைப் பாதிக்கும் சட்டங்களை ஆராயும் மன்றம். மற்றது, அரசு நிர்வாகத்தின் மீதான முறையீடுகளை விசாரிக்கும் குறைகேள் அதிகாரி. முதலாவது 1970இல் அதிபர் மன்றமாக உருப்பெற்று, 1973இல் சிறுபான்மையினர் உரிமைகளுக்கான அதிபர் மன்றம் ஆயிற்று. இரண்டாவது வரவே இல்லை.

வந்த பாதியும் ஒடுங்கியது. ஓர் இனத்தையோ சமயத்தையோ பாதகமாக வேறுபடுத்தும் விதி மசோதாவில் இருக்கிறதா என்று மட்டுமே மன்றம் பார்க்கிறது. நிதி மசோதாக்கள் அதன் வரம்புக்குள் வருவதில்லை. தற்காப்பு, பாதுகாப்பு, பொது ஒழுங்கு சார்ந்தவை என்று பிரதமர் சான்றளிப்பவையும் அப்படியே. கூட்டங்கள் மூடிய கதவுக்குள் நடக்கின்றன. இந்த இரகசியத்தை ஏற்காமல் மன்ற உறுப்பினராயிருந்த டேவிட் மார்ஷல் 1970ஆம் ஆண்டிலேயே விலகினார். இன்றுவரை எந்த மசோதாவுக்கும் எதிராக மன்றம் அறிக்கை தந்ததில்லை. சட்டங்கள் அவ்வளவு சுத்தமாக இருந்தன என்றே கொள்வோம். அப்போதும், சட்டம் ஒழுங்காக இருக்க, நடைமுறை ஒருவரை ஒதுக்கினால் அவர் போய் நிற்க இங்கே இடமில்லை.

இந்த இடைவெளி லிட்டில் இந்தியாவின் தேக்காவில் துலக்கமாகத் தெரிகிறது. அரசமைப்பின் 12ஆம் பிரிவு எல்லா மனிதரும் சட்டத்தின்முன் சமம் என்று தொடங்கினாலும், இனம், சமயம், மரபு, பிறப்பிடம் காட்டிப் பாகுபடுத்தக் கூடாது என்ற தெளிவான தடையைக் குடிமக்களுக்கே தருகிறது. ஞாயிறுதோறும் ரேஸ் கோர்ஸ் சாலையில் கூடும் வேலை அனுமதித் தொழிலாளி அதற்கு வெளியே நிற்கிறார். 2013 டிசம்பர் 8ஆம் தேதி, தமிழகத் தொழிலாளி ஒருவர் அங்கே பேருந்தில் அடிபட்டு இறந்ததும் கலவரம் மூண்டது. அரசு அமைத்த விசாரணைக் குழு 2014இல் பொது விசாரணை நடத்தியது. தொழிலாளர்களும் சாட்சியம் அளித்தனர். வேலைநிலைமை மீதான அதிருப்தி கலவரத்துக்குக் காரணமல்ல என்று குழு முடிவு செய்தது. அம்முடிவு விவாதத்துக்குரியது. ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: சுயேச்சையான, வெளிப்படையான விசாரணை இந்த மண்ணில் முடியும் என்பதை அது நிறுவிக் காட்டியது; வண்டிகள் எரிந்த பிறகுதான் அது கூடியது, அறிக்கை தந்ததும் கலைந்தது.

புதிய சட்டங்கள் இதை நிரப்பிவிட்டன என்று சொல்லலாம். 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டம் உண்மையான முன்னேற்றம். இனம், வயது, பாலினம், உடற்குறை முதலியவற்றின் பேரில் பாகுபடுத்துவதை அது தடுக்கிறது. எனினும் 25 பேருக்கும் குறைவானோர் வேலை செய்யும் நிறுவனங்கள் இப்போதைக்கு விலக்குப் பெறுகின்றன. சிராங்கூன் சாலையின் சிறு கடைகள் பலவும் அந்த விலக்குக்குள் வரக்கூடியவை. இந்தியர் ஒருவருக்கு அறை வாடகைக்கு மறுக்கப்பட்டால் இச்சட்டம் பேசாது. ஒரே மனிதர் பட்ட ஒரே அவமதிப்பு, நடந்த இடத்தைப் பொறுத்து வெவ்வேறு அலுவலகத்துக்கு உரியதாகிறது, அல்லது எதற்கும் உரியதாவதில்லை.

ஆகவே எல்லாவகைப் பாகுபாட்டுக்கும் ஒரே சமத்துவ ஆணையம் வேண்டும் என்கிறேன். நீதிமன்றம் இருக்கிறதே என்பது இதற்கு வரும் முதல் மறுப்பு. வேலை அனுமதியே முதலாளியைச் சார்ந்திருக்கும் ஒருவரை வழக்குத் தொடுக்கச் சொல்வது தீர்வாகாது. உரிமைப் பேச்சு நல்லிணக்கத்தைக் குலைக்கும் என்ற அச்சம் இன்னும் வலுவானது. 1964 இனக் கலவரங்களைக் கண்ட நாட்டில் அதை எளிதாகத் தள்ள முடியாது. ஆனால் ஆணையத்தின் முதல் வேலையே சமரசம்தான். தெருவுக்கு வருமுன் குறையைக் கேட்பது ஒழுங்குக்கு எதிரானதல்ல. ஒரே அமைப்பில் இனப் பிரச்சினை கரைந்துவிடும் என்பாரும் உண்டு. இனம், பாலினம், உடற்குறை என மூன்றாக இருந்த ஆணையங்களை 2007இல் பிரிட்டன் ஒன்றாக்கியபோதும் இக்கவலை எழுந்தது. ஒவ்வொன்றுக்கும் சட்டப்படி தனிப் பிரிவு அமைப்பதே அதற்கு விடை.

கடினமான கேள்வி நியமனம். இலங்கையில் அரசமைப்பு மன்றத்தைத் தவிர்த்து அதிபரே உறுப்பினர்களை நியமித்ததால் அந்நாட்டு மனித உரிமை ஆணையத்தின் சர்வதேசத் தகுதி 2007இல் குறைக்கப்பட்டது. ஆகவே சிங்கப்பூர் ஆணையத்தின் உறுப்பினர்களை நாடாளுமன்றத்தின் எல்லாக் கட்சிகளும் இடம்பெறும் குழு தெரிவு செய்ய வேண்டும். அதன் ஆண்டறிக்கை நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்பட வேண்டும். குடியுரிமை கேட்காமல், தமிழிலும் வங்காள மொழியிலும் அது முறையீடுகளை ஏற்க வேண்டும்.