நட்புறவும் சலுகைக் கடனும்: இந்திய–ஆப்பிரிக்க உறவின் இன்னொரு வரலாறு

தெற்குத் தில்லியில் ரிங் ரோட்டை ஒட்டி அமைந்த கிட்வாய் நகர், 1954இல் மறைந்த மத்திய உணவு அமைச்சர் ரஃபி அகமது கிட்வாயின் பெயரைத் தாங்கியது. மத்திய அரசு ஊழியர்களுக்கான பழைய குடியிருப்புகள் நிறைந்திருந்த அதன் கிழக்குப் பகுதி அண்மைக் காலத்தில் இடித்துக் கட்டப்பட்டது. புதிய வீடுகளுக்கான செலவை ஈடுகட்டச் சாலையோரத்தில் அலுவலகக் கோபுரங்கள் எழுப்பப்பட்டு அரசு சார்ந்த நிறுவனங்களுக்கு அளிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றில் இந்திய ஏற்றுமதி–இறக்குமதி வங்கியின் தில்லி அலுவலகம் இயங்குகிறது. எக்ஸிம் வங்கி என்று சுருக்கமாக அறியப்படும் இவ்வங்கி 1981ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. தலைமையகம் மும்பையில் உள்ளது. எத்தியோப்பியாவின் சர்க்கரை ஆலைக்கும் ருவாண்டாவின் நீர்மின் நிலையத்துக்கும் கானா அதிபரின் மாளிகைக்கும் பணம் தந்தது இவ்வங்கிதான்.

இந்திய–ஆப்பிரிக்க உறவைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் காந்தியில் தொடங்கிப் பாண்டுங் வழியாக உச்சி மாநாடுகளை வந்தடைகின்றன. அந்த வரிசையில் பிழையில்லை. ஆனால் 2003க்குப் பிந்தைய இருபது ஆண்டுகளின் வரலாறு மாநாட்டு உரைகளில் எழுதப்படவில்லை. கடன் ஒப்பந்தங்களில் எழுதப்பட்டது. அவற்றைப் படிக்காமல் ‘தெற்குலக ஒத்துழைப்பு’ என்ற தொடருக்குப் பொருள் காண்பது கடினம்.

முதலில் பழைய அத்தியாயம். சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பரில் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டு சேர்த்தது. அவர்களுள் கணிசமானோர் தமிழர். அவர்களது வழித்தோன்றல்களின் நில உரிமையையும் குடியிருப்பு உரிமையையும் குறுக்கும் சட்டத்தைத் தென்னாப்பிரிக்க அரசு 1946இல் நிறைவேற்றியபோது, இன்னும் விடுதலை பெறாத இந்தியா அந்நாட்டுடனான வணிகத்தைத் துண்டித்துக்கொண்டு ஐக்கிய நாடுகள் அவைக்கு வழக்கை எடுத்துச் சென்றது. விஜயலட்சுமி பண்டிட் தலைமையேற்று வாதாடினார். பஞ்சமும் பணமுடையும் சூழ்ந்த நேரத்தில் ஒரு சந்தையைத் தானாக இழக்க முன்வந்த அம்முடிவின் எடையைப் பின்னாளைய பேச்சாளர்கள் போதிய அளவு உணர்வதில்லை.

அடுத்த இருபது ஆண்டுகளில் இந்தியா ஆப்பிரிக்காவுக்கு அளித்தது பெரும்பாலும் ஆட்களை. 1948இல் நைரோபிக்கு ஆணையராகச் சென்ற அப்பா பந்த், கென்ய விடுதலை இயக்கத்தோடு காட்டிய நெருக்கத்தால் ஆங்கிலேயரின் கண்டனத்துக்கு உள்ளானார். இந்தியாவின் முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென், 1953இல் சூடானின் தேர்தலை நடத்திக் கொடுத்தார். எத்தியோப்பியாவின் ஹராரிலும் நைஜீரியாவின் கடுனாவிலும் படைத்துறைக் கல்விக்கூடங்களை இந்திய அதிகாரிகள் கட்டியெழுப்பினர். 1964 செப்டம்பரில் ஐடெக் எனப்படும் தொழில்நுட்ப, பொருளாதார ஒத்துழைப்புத் திட்டம் பிறந்தது. 1962 சீனப் போரின்போது ஆப்பிரிக்கத் தலைநகரங்கள் பலவும் மௌனம் காத்ததும் அத்திட்டத்தின் பின்னணியில் உண்டு. தூய பரிவு மட்டுமே அதை இயக்கியது என்று கொள்வதற்கில்லை. ஆயினும் இவற்றுள் எதுவும் பெற்றுக்கொண்ட நாட்டின் கணக்கேட்டில் பெருங்கடனாக ஏறவில்லை.

திருப்பம் 2003 பிப்ரவரியில் நிகழ்ந்தது. அவ்வாண்டின் நிதிநிலை உரையில் ஜஸ்வந்த் சிங், சிறு கொடையாளி நாடுகளிடமிருந்து இனி உதவி பெறுவதில்லை என்றும், கொடுக்கும் நாட்டிலேயே பொருள் வாங்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வரும் புதிய உதவிகளை ஏற்பதில்லை என்றும் அறிவித்தார். அதே உரையில், சக வளரும் நாடுகளுக்குக் கடன் வழங்கும் வழக்கத்தை இந்தியா கைவிடும் என்றும், ‘இந்திய வளர்ச்சி முன்முயற்சி’ என்ற பெயரில் மானியமும் திட்ட உதவியும் அளிக்கும் என்றும் கூறினார். நடந்தது நேர் எதிர். நிதிநிலை ஒதுக்கீட்டிலிருந்து நேரடியாகக் கடன் கொடுப்பது நின்றது. அப்பொறுப்பு எக்ஸிம் வங்கிக்கு மாறியது. கடன்களோ பன்மடங்கு பெருகின. 2004 மார்ச்சில் மேற்கு ஆப்பிரிக்காவின் எட்டு நாடுகளுக்கு ‘டீம்–9’ என்ற பெயரில் 50 கோடி டாலர் அறிவிக்கப்பட்டது. இந்தியா ஏற்க மறுத்த அதே வகை நிபந்தனை, இந்தியா கொடுத்த கடனில் இடம்பெற்றது.

அந்த நிபந்தனையின் இயக்கத்தைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். ஓர் ஆப்பிரிக்க அரசு திட்டமொன்றை இந்தியத் தூதரகத்திடம் அளிக்கிறது. வெளியுறவு அமைச்சகம் பரிந்துரைக்க, நிதி அமைச்சகம் இசைவளிக்க, எக்ஸிம் வங்கி அந்த அரசோடு ஒப்பந்தம் செய்கிறது. பணியை இந்திய நிறுவனம்தான் மேற்கொள்ள வேண்டும். ஒப்பந்த மதிப்பில் பொதுவாக 75 விழுக்காட்டுக்கான பொருள்களும் சேவைகளும் இந்தியாவிலிருந்தே செல்ல வேண்டும். நிறுவனம் சரக்கை அனுப்பி ஆவணங்களைச் சமர்ப்பித்ததும் வங்கி அதற்கு இந்தியாவிலேயே பணம் தருகிறது. ஆக, ‘ஆப்பிரிக்காவுக்குக் கொடுத்த’ டாலரில் பெரும்பகுதி இந்தியாவை விட்டு வெளியே போவதே இல்லை. கடல் கடந்து போவது இயந்திரமும் பொறியாளரும் கடனும். வறிய நாடுகளுக்கு வட்டி மிகக் குறைவு. 2015ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி ஒன்றரை விழுக்காடு, 25 ஆண்டுத் தவணை, அதில் முதல் ஐந்து ஆண்டுகள் அசலுக்கு விலக்கு. எக்ஸிம் வங்கி சந்தையில் வாங்கும் வட்டிக்கும் இதற்குமுள்ள இடைவெளியை இந்தியக் கருவூலம் ஈடு செய்கிறது. இவ்வாறு வரி செலுத்தும் இந்தியர் தாங்குவது உதவி என்ற பெயரில் ஆப்பிரிக்காவுக்கும், ஏற்றுமதி ஊக்கம் என்ற வகையில் இந்திய நிறுவனத்துக்கும் ஒரே நேரத்தில் சேர்கிறது. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் கணக்கு மாநாட்டுப் பிரகடனங்களில் இடம்பெறுவதில்லை.

பிரகடனங்களுக்குக் குறைவில்லை. 2008 ஏப்ரலில் தில்லியில் 14 ஆப்பிரிக்க நாடுகளுடன் கூடிய முதல் மாநாட்டில் 540 கோடி டாலர்; 2011இல் அடிஸ் அபாபாவில் 500 கோடி; 2015 அக்டோபரில் மீண்டும் தில்லியில், 41 அரசுத் தலைவர்கள் முன்னிலையில், 1,000 கோடி. நான்காவது மாநாடு உரிய காலத்தில் கூடவில்லை. அறிவிக்கப்பட்ட தொகை, ஒப்பந்தமான தொகை, உண்மையில் செலவான தொகை ஆகிய மூன்றும் வெவ்வேறு எண்கள் என்பதை மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். செய்தித்தாள்கள் முதல் எண்ணோடு நின்றுவிடுகின்றன.

எத்தியோப்பியா நல்ல சான்று. அங்கே வொன்ஜி சர்க்கரை ஆலையை 1950களில் தொடங்கியது டச்சு நிறுவனம் ஒன்று. 1970களில் இராணுவ ஆட்சி அதை நாட்டுடைமையாக்கியது. வொன்ஜியையும் ஃபின்சாவையும் விரிவாக்கவும், அவாஷ் ஆற்றின் கீழ்ப்பகுதியில் தெண்டாஹோவில் புதிய ஆலையை எழுப்பவும் இந்தியா 64 கோடி டாலர் தருவதாக ஒப்பியது. 2007 முதல் தவணை தவணையாக ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. தெண்டாஹோவின் சமவெளி அஃபார் மக்களுடையது. வறட்சிக் காலத்தில் ஆடுமாடுகளை ஓட்டிவந்து மேய்க்கும் கடைசிப் புகலிடம் அந்த ஆற்றங்கரை. அணையும் கரும்பும் அதைச் சுருக்கின. ஆலையோ குறித்த காலத்தில் எழவில்லை. எழுந்த பின்னும் திட்டமிட்ட அளவுக்கு ஓடவில்லை. தாமதத்துக்கு ஒப்பந்ததாரர், எத்தியோப்பிய நிர்வாகம், நிலமும் நீரும் கிடைத்த முறை எனப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. எந்தக் காரணமானாலும் கடனின் நாள்காட்டி ஆலைக்காகக் காத்திருப்பதில்லை. மேய்ச்சல் நிலத்தை இழந்த அஃபார் குடும்பத்துக்கு அந்த ஒப்பந்தத்தில் எந்தக் கட்டத்திலும் இடமில்லை.

இது மட்டுமே முழுச் சித்திரம் அன்று. ருவாண்டாவின் ந்யபரோங்கோ ஆற்றில் 8 கோடி டாலர் இந்தியக் கடனில் கட்டப்பட்ட 28 மெகாவாட் நீர்மின் நிலையம், மின்சாரம் அரிதாயிருந்த அந்நாட்டுக்குக் கணிசமான வரவு. செனகலின் நெல் வயல்களுக்குக் கிர்லோஸ்கர் நீரிறைப்பு இயந்திரங்கள் இக்கடன் வழியே சென்றன. நெல் விளைச்சல் பெருகியதில் அவற்றுக்குப் பங்குண்டு. இதற்கு மாறாகக் காங்கோ ஜனநாயகக் குடியரசின் கட்டெண்டே நீர்மின் திட்டம் தொடங்கிய வேகத்தில் முடங்கியது. ஒரே வங்கி, ஏறக்குறைய ஒரே நிபந்தனைகள். விளைவுகளோ இவ்வளவு வேறுபட்டவை. கடன் வாங்கும் அரசிடம் பேரம் பேசவும் பணியை மேற்பார்வையிடவும் ஆட்கள் இருந்தார்களா என்பதே பெரும்பாலும் வேற்றுமையைத் தீர்மானித்தது எனலாம்.

சீனாவோடு ஒப்பிடாமல் இப்பொருளைப் பேச முடியாது என்ற எண்ணம் நிலைபெற்றுவிட்டது. டான்சானியாவையும் ஜாம்பியாவையும் இணைக்கும் 1,860 கிலோமீட்டர் இரயில் பாதையைச் சீனா 1970களில் முடித்தது. அதன் எக்ஸிம் வங்கி 1994இல் தோன்றியது. ஆப்பிரிக்காவுக்கு அது அளித்த கடன்களின் முன் இந்தியத் தொகை சிறியதே. ‘சீனா சுரண்டுகிறது, இந்தியா கூட்டாளியாக நடக்கிறது’ என்று இங்கே எளிதாக எழுதப்படுகிறது. ஆனால் நிபந்தனையிட்ட கடன், நாட்டு நிறுவனத்துக்கே பணி, மூலப்பொருள் இறக்குமதி என்ற மூன்றும் இரு நாடுகளுக்கும் பொது. பண்ருட்டியிலும் கொல்லத்திலும் உடைபடும் முந்திரிக் கொட்டையில் பெரும்பங்கு ஐவரி கோஸ்ட், டான்சானியா போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது. கொட்டையை அங்கேயே உடைத்துப் பருப்பாக அனுப்ப அந்நாடுகள் விரும்பினால், அந்த விருப்பம் நம் ஊர்த் தொழிலாளியின் கூலியோடு மோதும். கூட்டாண்மை என்ற சொல்லுக்குள் இந்த மோதலும் அடங்கியுள்ளது.

பழைய மரபு முற்றிலும் அற்றுப்போகவில்லை. 2004 செப்டம்பரில் தென்னாப்பிரிக்காவில் அனைத்து ஆப்பிரிக்க நாடாளுமன்றத்தில் உரையாற்றிய அப்துல் கலாம் முன்மொழிந்த மின்வலையமைப்பு, 2009 முதல் சென்னைப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட இந்தியப் பல்கலைக்கழகங்களையும் மருத்துவமனைகளையும் ஆப்பிரிக்க நாடுகளோடு இணைத்தது. அதற்கு ஆன செலவு மானியம், கடன் அன்று. 2023இல் சென்னை ஐஐடி தன் வளாகமொன்றைச் சான்சிபாரில் திறந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் தில்லியில் ஆப்பிரிக்க ஒன்றியம் ஜி–20 அமைப்பின் உறுப்பினரானது.

அடுத்த மூன்றே மாதங்களில், 2023 டிசம்பரில், எத்தியோப்பியா தன் பன்னாட்டுக் கடன்பத்திரத்துக்கான 3 கோடியே 30 லட்சம் டாலர் வட்டியைச் செலுத்தத் தவறியது. அதற்கு முன்பே 2020இல் ஜாம்பியாவும் 2022இல் கானாவும் தவணைகளை நிறுத்தியிருந்தன. ஜாம்பியாவின் கடன் மறுசீரமைப்புக்காக அமைந்த அரசுகளின் குழுவில், சீனாவோடும் பிரான்ஸோடும், கடன் கொடுத்தோர் பக்கத்தில் இந்தியாவும் இடம்பெற்றது.

இவ்வரலாற்றை எழுத விரும்புவோர் எங்கே தேட வேண்டும் என்பதில் ஒரு விந்தை உண்டு. கானாவின் 1992ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 181ஆம் பிரிவின்படி அரசு வாங்கும் கடன் ஒப்பந்தங்கள் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும். எனவே இந்தியக் கடனில் எழுந்த அதிபர் மாளிகை வறிய நாட்டுக்குத் தேவைதானா என்ற சச்சரவு அக்ராவில் வெளிப்படையாக நடந்தது. கட்சிகள் மாற, ஜூபிலி மாளிகை என்றும் பிளாக்ஸ்டாஃப் மாளிகை என்றும் அதன் பெயரும் மாறிமாறி வந்தது. இந்திய நாடாளுமன்றத்தின் முன் அத்தகைய ஒப்பந்தம் எதுவும் ஒப்புதலுக்கு வருவதில்லை. நிதி அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையில், எக்ஸிம் வங்கிக்கான வட்டி ஈட்டுத்தொகை என்று, ஆண்டுதோறும் ஒரு வரி மட்டும் அச்சாகிறது.