வயா முதல் பேறு வரை

ஒரு மொழியின் செல்வம் அதன் காப்பியங்களில் மட்டும் இருப்பதன்று. அடுக்களையிலும் தொட்டிலடியிலும் வழங்கும் சொற்களிலும் அஃது உறைந்து கிடக்கிறது. அவற்றுள்ளும் மகப்பேறு பற்றிய சொற்கள் தனிச் சிறப்புடையன. தாய் மகளுக்கும், பாட்டி பேத்திக்கும் வாய்மொழியாகவே கொடுத்து வந்தவை அவை.

ஊரை விட்டு வந்து வேற்றுமொழி நடுவே வாழும் நம் குடும்பங்களில் இக்கொடை அறுந்து வருகிறது. ஊரிலிருந்து வந்த மூதாட்டி ஒருவர், தம் பேரன் மனைவியிடம், “முழுகாமல் இருக்கிறாயா, அம்மா?” என்று அன்புடன் வினவினார். வடநாட்டிலேயே பிறந்து வளர்ந்த அப்பெண், “நாள்தோறும் குளிக்கிறேனே, பாட்டி!” என்று முகம் வாடி விடையிறுத்தாள். விலக்கு நாள் கழிந்து தலை முழுகுதல் நின்றமையால் கருவுற்றமையைக் குறிக்கும் தொடர் அது என்று அவளுக்கு யார் சொல்லியிருந்தார்கள்? உடனிருந்தோர் நகைத்தோம். ஆயினும் அந்நகைப்பினுள் ஓர் இழப்பும் இருந்தது.

இச்சொற்களின் வரலாறு மிகத் தொன்மையானது. எளிதில் பொருள் விளங்காச் சொற்களை உரியியலில் தொகுத்த தொல்காப்பியர், அவற்றுள் ‘வயா’, ‘புனிறு’ என்னும் இரண்டையும் சேர்த்துள்ளார். வயா என்பது வேட்கைப் பெருக்கம். புனிறு என்பது ஈன்ற அணிமை. சூலுற்ற மகளிர்க்குப் புளியின்மீதும் மண்ணின்மீதும் எழும் ஆசையே வயா. குறுங்கோழியூர் கிழார் சேரமான் மாந்தரஞ்சேரல் இரும்பொறையைப் பாடும் புறநானூற்று 20ஆம் பாட்டில், அவனது நாட்டு மண்ணை வயவுற்ற மகளிர் உண்பரேயன்றிப் பகைவர் கொள்ளார் எனும் கருத்து அமைந்துள்ளது. ஒரு பெண்ணின் மசக்கை, ஒரு மன்னனின் வீரத்துக்கு அளவுகோலாயிற்று! ‘வாயும் வயிறுமாக இருக்கிறாள்’ என்று நாம் இன்று கூறும் தொடர், ‘வயாவும் வயிறும்’ என்பதன் திரிபே என்று கூறுவாரும் உளர்.

‘சூல்’ என்னும் சொல்லோ மண்ணையும் விண்ணையும் தழுவியது. மகளிர் மட்டுமன்றிப் பயிரும் மேகமும் சூல்கொள்வன. குறுந்தொகை 287ஆம் பாட்டில் கச்சிப்பேட்டு நன்னாகையார், நீர்நிறைந்த மேகத்தை, பச்சைப் புளியை விரும்பி, நடக்கமாட்டாது தளரும் நிறைசூல் மகளிரோடு ஒப்பிடுகிறார். இந்தியில் கருவுற்றவளைக் ‘கால் கனத்தவள்’ என்னும் பொருளில் ‘பாவ் பாரி’ என்பர். காலமும் மொழியும் வேறாயினும், பெண்ணின் நடையைக் கண்ட கண் ஒன்றே.

சொற்களுக்கும் உயர்வு தாழ்வு உண்டு. ‘ஈனுதல்’ பண்டு மானிடத் தாய்க்கும் பெருமையுடன் வழங்கிற்று. பொன்முடியாரின் புறநானூற்று 312ஆம் பாட்டிலும், திருக்குறள் 69ஆம் பாவிலும் தாய் ஈன்றவளே. இன்றைய பேச்சிலோ பசு கன்று ஈனுகிறது. வாழை குலை ஈனுகிறது. மாட்டுச் சந்தையில் ‘தலையீத்து’ என்று கேட்கும் சொல், ‘தலையீற்று’ என்பதே. கன்னடத்திலும் தெலுங்கிலும் இவ்வேர் பெரும்பாலும் விலங்குகளுக்கே உரியதாயிற்று. மலையாளத்திலோ, பேற்றறையைக் குறிக்கும் ‘ஈற்றில்லம்’ என்னும் சொல், கலைகள் தோன்றிய இடத்தைக் குறிக்கும் பெருமை பெற்றுவிட்டது.

ஈனுதல் விட்ட இடத்தைப் ‘பெறுதல்’ நிரப்பிற்று. சம்பளப் பட்டியலில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று மாதந்தோறும் கையொப்பமிட்ட நம்மில் பலர், இதே வினையால்தான் நம் தாயும் நம்மைப் பெற்றாள் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. தருபவளைப் பெறுபவள் என்றது தமிழ். குழந்தை உழைத்து ஈட்டிய பொருளன்று, வந்து வாய்த்த பேறு என்னும் கருத்து அதில் உள்ளது. பெங்களூரில் வாழ்வோர் ‘ஹெரிகெ ஆஸ்பத்ரெ’ என்னும் பலகையைக் கண்டிருப்பர். நம் பகரம் கன்னடத்தில் ஹகரமாதலின், அந்த ‘ஹெரிகெ’யும் நம் ‘பெறு’வின் உறவே. தெலுங்கில் ‘கனு’ எனும் வடிவம் காண்பதையும் குழந்தை பெறுவதையும் ஒருங்கே குறிக்கும். பெற்ற தாய் ‘கன்ன தல்லி’ ஆவாள். ஆங்கில ‘டெலிவரி’யின் வேரில் விடுதலை என்னும் பொருள் உண்டு. இந்தியிலோ கருவுற்றவள் ‘உம்மீத்’, அதாவது நம்பிக்கையுடன் இருப்பவள்.

பொருள் மாறிய சொற்களும் உள. அகப்பாடல்களில் தலைவியை வளர்த்த தாயாகிய ‘செவிலி’, இன்று மருத்துவமனையில் வெள்ளுடையில் நிற்கிறாள். தலைவகிர்தலைக் குறிக்கும் ‘சீமந்தம்’ முதற்சூலின் சடங்காகி, தலைச்சன் மகனைச் ‘சீமந்த புத்திரன்’ ஆக்கிற்று. ‘தொப்புள்கொடி’ கடல்கடந்த இனத்தாரோடு உள்ள உறவுக்கே பெயராயிற்று.

இவையெல்லாம் புலவர் ஆராய்ச்சிக்கு மட்டும் உரியன என்று எண்ணற்க. இவற்றில் உயிரும் அடங்கியிருக்கிறது. நள்ளிரவில் ஊரிலிருந்து தாய் தொலைபேசியில், “சூட்டு வலியா, இடுப்பு வலியா? பனிக்குடம் உடைந்ததா?” என்று கேட்கிறாள். சூட்டு வலியாயின் பொறுத்துப் பார்க்கலாம். பனிக்குடம் உடைந்ததாயின் அக்கணமே புறப்பட வேண்டும். இவ்வேறுபாட்டை அறியாத மகள் என்ன விடை கூறுவாள்? குழந்தையை ஊட்டி வளர்த்த கொடிக்கு ‘நஞ்சுக்கொடி’ என்று பெயர். அது முழுதும் வெளிப்படாது தங்கினால் தாயின் உயிருக்கே கேடு. அச்சொல் ஓர் எச்சரிக்கையாகவே ஒலிக்கிறதன்றோ?

‘புனிறு’ இன்று நூல்களில் மட்டும் உள்ளது. ‘முழுகாமல் இருத்தல்’ நம் கண்ணெதிரே மறைந்து வருகிறது. நம் சங்கத்து மூதாட்டியர் அறிந்த இத்தகைய சொற்களை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தல் அரிய செயலன்று. முன்னர்ச் சொன்ன அப்பெண் இன்று ஒரு மகவைப் பெற்ற தாய். பாட்டி சொன்ன சொற்களை அவள் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதத் தொடங்கியிருக்கிறாள். அவள் எழுதிய முதற்சொல் ‘முழுகாமல்’.