நட்டுக்கு ஏற்ற ஸ்பானர்

கார் வைத்திருப்பவர்கள் இரண்டு ரகம். வண்டி லேசாக முனகினாலும் மெக்கானிக்கைத் தேடி ஓடுகிறவர்கள் ஒரு ரகம். சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு தாமே பானெட்டைத் திறக்கிறவர்கள் மற்றொரு ரகம். இந்த இரண்டாவது ரகத்தார் ஸ்பானர் வாங்கக் கடைக்குப் புறப்படுமுன் கொஞ்சம் சரித்திரம் தெரிந்துகொள்வது நல்லது. ஸ்பானருக்கும் சரித்திரத்துக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது, கேளுங்கள்.

காரில் நெடுந்தூரம் போய், வழியில் தாமே பழுதும் பார்த்த முதல் ஆசாமி ஒரு பெண்மணி. 1888 ஆகஸ்டில், ஜெர்மனியில், பெர்த்தா பென்ஸ் அம்மையார் கணவரிடம் சொல்லாமலே அவர் செய்த மூன்று சக்கர வண்டியில் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு பிறந்தகத்துக்குப் புறப்பட்டார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தாராம். தேய்ந்துபோன மின்சாரக் கம்பிக்குக் காலுறைப் பட்டியைச் சுற்றினாராம். அன்று அது போதுமாயிருந்தது. ஆனால், இறுகிப்போன நட்டைத் தொப்பி ஊசியால் கழற்ற முடியாதே! அதற்கு ஸ்பானர்தான் வேண்டும். அதுவும் சரியான ஸ்பானர்.

இங்கேதான் தகராறு ஆரம்பமாகிறது. ஒரு காலத்தில் இங்கிலாந்தில் பட்டறைக்குப் பட்டறை மரையின் அளவு வேறு. ஓரிடத்து நட்டு இன்னோரிடத்து போல்ட்டில் ஏறாது. ஜோசப் விட்வொர்த் என்பவர் பல பட்டறைகளின் போல்ட்டுகளைச் சேகரித்து, ஒப்பிட்டுப் பார்த்து, 1841-ல் ஒரு பொது அளவு சொன்னார். மரையின் கோணம் 55 டிகிரி என்றார். அமெரிக்காவில் 1864-ல் வில்லியம் செல்லர்ஸ், 60 டிகிரிதான் செய்வதற்குச் சுலபம் என்றார். ஐரோப்பியர்களோ மில்லிமீட்டரைப் பிடித்துக்கொண்டார்கள். ஆளுக்கொரு நியாயம், நட்டுக்குத்தான் அவஸ்தை.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது இந்தப் பிடிவாதம் சிரிப்புக்கு இடமாக இருக்கவில்லை. ஒரே பக்கம் நின்று போரிட்ட பிரிட்டனும் அமெரிக்காவும் ஒருவர் யந்திரத்துக்கு மற்றவர் போல்ட்டைப் போட முடியாமல் திண்டாடின. 1948 நவம்பரில் பிரிட்டன், அமெரிக்கா, கானடா ஆகிய மூன்று நாடுகளும் வாஷிங்டனில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. மரைக்குக்கூட ராஜதந்திரம் தேவைப்பட்டது!

அந்தப் பழைய பிணக்கு இன்றும் நம் ஸ்பானர் பெட்டிக்குள் குடியிருக்கிறது. விட்வொர்த் ஸ்பானரில் கால் அங்குலம் என்று போட்டிருந்தால், அது போல்ட்டின் பருமன். ஸ்பானரின் வாயோ அரை அங்குலத்துக்கும் சற்று அதிகம். பின்னால் வந்த அங்குல ஸ்பானர்களில் போட்டிருப்பது வாயின் அகலம். நம் நாட்டில் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வாரிசான அம்பாஸடருக்கு அங்குல ஸ்பானர் வேண்டும். இத்தாலிய வம்சமான ஃபியட்டுக்கு மில்லிமீட்டர் வேண்டும். இன்றைய கார்கள் பெரும்பாலும் மில்லிமீட்டர்தான்.

"கிட்டத்தட்டச் சரியாக இருந்தால் போதாதா?" என்று கேட்கலாம். போதாது. அரை அங்குல நட்டு என்பது 12.7 மில்லிமீட்டர். அதில் 13 மில்லிமீட்டர் ஸ்பானர் சிரித்துக்கொண்டே ஏறும். இடைவெளி 0.3 மில்லிமீட்டர்தான். ஆனால் பலம் கொடுத்துத் திருப்பினால் நட்டின் ஆறு முனைகளும் மழுங்கிவிடும். பிறகு உளியும் சுத்தியலும்தான் கதி. முற்றிலும் பொருந்தாத ஸ்பானர் ஒரு கெடுதலும் செய்வதில்லை. ஏறக்குறையப் பொருந்துகிற ஸ்பானர்தான் எமன். மனிதர்கள் விஷயத்திலும் இது உண்மையோ என்னவோ!

அதனால், பளபளக்கும் பெரிய பெட்டியைப் பார்த்து மயங்க வேண்டாம். 1920-ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஜோசப் ஜான்சன் என்பவர் ஐந்து கைப்பிடி, பத்து சாக்கெட், மாற்றி மாற்றிப் பொருத்தினால் ஐம்பது ஸ்பானரின் வேலை என்று காட்டினார். வீட்டுக்கு அந்தக் கணக்கே உத்தமம். உங்கள் வண்டியின் அளவுக்கு ஒரு வரிசை ரிங் ஸ்பானர், ஆறு முனை சாக்கெட் சில, நல்ல ஸ்க்ரூ டிரைவர், ஒரு குறடு ஆகியவை போதும். வண்டிக்கு அடியில் போகிறவர்கள் ஜாக்கியை மட்டும் நம்பாமல், உறுதியான இரும்பு ஸ்டாண்டும் வாங்க வேண்டும். அதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

கடைக்காரரிடம் விலை கேட்குமுன், வண்டியிடம் அதன் ஊரையும் பிறந்த வருஷத்தையும் கேளுங்கள். வாங்க வேண்டிய ஸ்பானரை அது சொல்லிவிடும்.