எழுத்துக்கு வந்த எண்

கணிப்பொறிக்கு எழுத்து என்பது தெரியாது. எண் ஒன்றே தெரியும். திரையில் நாம் காணும் ஒவ்வோர் எழுத்துக்கும் பின்னே எண் மறைந்து நிற்கிறது. 1963-இல் அமெரிக்கர் ஆஸ்கி என்னும் குறியெண் பட்டியலை வகுத்தபோது, அதில் 128 இடங்களே வைத்தனர். ஆங்கிலப் பேரெழுத்து 'ஏ' 65-ஆம் எண் பெற்றது. அவர்தம் மொழிக்கு அஃது அமையும். பிறர் மொழிக்கு அங்கே இடமேது?

பின்னர் 128 முதல் 255 வரையுள்ள எண்களில் தமிழ் குடியேறிற்று. ஆயினும் எழுத்துருச் செய்தோர் தத்தம் விருப்பப்படியே எண் வழங்கினர். ஆண்டிபட்டியில் எழுதிய கடிதம், அவ்வெழுத்துரு இல்லாத தேனிக் கணிப்பொறியில் பொருளற்ற குறிகளாகவே தோன்றும். இக்குழப்பம் நீங்க, 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டின் வழியே 'டாம்', 'டாப்' என்னும் இரு பொதுக் குறியீடுகள் பிறந்தன.

இதற்கிடையே, உலக மொழிகள் அனைத்துக்கும் ஒரே பட்டியல் என்னும் நோக்குடன் 1991-இல் ஒருங்குறி வெளிவந்திருந்தது. அதில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை இடம் கிடைத்தது. இந்திய மொழிகளுக்கென நம் நாட்டில் வகுக்கப்பட்ட 'இஸ்கி'யே அதற்கு அடிப்படை. நாகரியின் நெடுங்கணக்கு எல்லா மொழிகளுக்கும் அச்சாயிற்று. ஆதலால் 'க' 2965 என்றால் 'ங' 2969. இடையில் மூன்று வீடுகள். குடியிருக்க நம்மிடம் எழுத்தில்லை!

இதனினும் ஆழமானது ஒன்றுண்டு. நம் இலக்கணப்படி 'க்' என்னும் மெய்யோடு அகரம் சேர்ந்தே 'க' ஆகிறது. ஒருங்குறியிலோ 'க' முதற்பொருள். அதன்பின் புள்ளிக்குரிய 3021-ஐச் சேர்த்தால்தான் 'க்' தோன்றும். 'அம்மா' நமக்கு மூன்றெழுத்து. பொறிக்கு ஐந்து எண். எண் வரிசைப்படி அடுக்கினால் 'ன' என்பது 'ந'வுக்கு அடுத்து வந்து அமர்ந்துவிடும். அகராதி தொகுப்பவர் அதனைத் தனி விதியால் திருத்தியாக வேண்டும்.

ஒவ்வோர் எழுத்துக்கும் தனியெண் தரும் 'டேஸ் 16' என்னும் முறையை அறிஞர் சிலர் முன்வைத்தனர். 2010-இல் தமிழக அரசு அதனையும் ஒருங்குறியையும் ஏற்றது. இலக்கணத்துக்கு இசைந்தது முன்னதே. ஆயினும் உலகப் பட்டியலில் அதற்குப் பொது இடம் கிட்டவில்லை. கைப்பேசிதோறும் இருப்பது ஒருங்குறியே. அதனைத் தேர்ந்தது தக்கதே என்பது என் கருத்து. 2019-இல் முந்திரி, காணி முதலிய பழைய பின்னக் குறிகள் உள்ளிட்ட 51 குறிகளும் அதில் எண் பெற்றுவிட்டன.