இரட்டைப் பெருக்கி இணைப்பு

இரட்டைப் பெருக்கி இணைப்பு அல்லது பை-ஆம்பிங் என்பது, ஒரே ஸ்பீக்கர் பெட்டியில் உள்ள வூஃபரையும் ட்வீட்டரையும் தனித்தனிப் பெருக்கிகளால் (ஆம்ப்ளிஃபயர்) இயக்கும் முறை ஆகும். வூஃபர் தாழ்ந்த அதிர்வெண் ஒலிகளையும் ட்வீட்டர் உயர்ந்த அதிர்வெண் ஒலிகளையும் எழுப்புகின்றன. உயர்தர வீட்டு ஒலிக் கருவிகளில் இது இரு வகையாகக் கையாளப்படுகின்றது. இரண்டுக்கும் பெயர் ஒன்றே எனினும், பயனில் பெரிதும் வேறுபடுகின்றன.

பாசிவ் முறை

பின்புறத்தில் இரு சோடி இணைப்பு முனைகள் உள்ள பெட்டிகளில் மட்டுமே இது இயலும். அதிர்வெண்களைப் பிரிக்கும் கிராசோவர் சுற்று பெட்டிக்குள் அப்படியே இருக்கும். ஆதலால் இரு பெருக்கிகளுக்கும் முழு இசையும் செல்கின்றது. ஒவ்வொன்றும் தன் பகுதிக்குரிய மின்னோட்டத்தை மட்டுமே வழங்கினாலும், மின்னழுத்தம் முழு அளவுக்கு உயர்ந்தாக வேண்டும். எனவே ஒற்றைப் பெருக்கியில் அலையின் முகடுகள் வெட்டுண்டு ஒலி சிதையும் அதே அளவில்தான், ஏறத்தாழ, இங்கும் சிதையும். திறன் இரட்டிப்பாகும் என்னும் பரவலான எண்ணம் சரியன்று. பல ஏ.வி. ரிசீவர்களில், பயன்படாத சரவுண்டு வழிகளைக் கொண்டு இவ்வாறு இணைக்கும் வசதி உண்டு. பொதுவாக அவ்வழிகள் யாவும் ஒரே மின்வழங்கியைப் பகிர்வதால் பயன் இன்னும் குறைவு.

ஆக்டிவ் முறை

இதில் கிராசோவர், பெருக்கிகளுக்கு முன்பாகவே அமைகின்றது. பெட்டிக்குள் இருக்கும் சுற்று நீக்கப்பட்டு, வூஃபரும் ட்வீட்டரும் அவற்றுக்குரிய பெருக்கிகளுடன் நேரடியாக இணைக்கப்படுகின்றன. இடையில் மின்தூண்டியின் தடை இல்லாததால் வூஃபர் கூம்பின் அசைவைப் பெருக்கி நன்கு கட்டுப்படுத்துகின்றது.

எடுத்துக்காட்டாக, 8 ஓம் ஸ்பீக்கரில் தாழ்ந்த ஒலிக்கும் உயர்ந்த ஒலிக்கும் தலா 20 வோல்ட் உச்ச மின்னழுத்தம் தேவை எனக் கொள்வோம். ஒரே பெருக்கியாயின் இரண்டும் கூடி 40 வோல்ட் ஆகும்; இதற்கு 100 வாட் பெருக்கி வேண்டும். பிரித்து இயக்கினால் 25 வாட் பெருக்கிகள் இரண்டு போதும். உண்மையான இசையில் இரு பகுதிகளும் இவ்வாறு சமமாக அமைவது அரிது. ஆகவே ஆதாயம் இதனினும் குறைவாகவே இருக்கும்.

இம்முறையில் பெரிதும் பயன்படுவது லிங்க்விட்சு-ரைலி வடிப்பி. ஹியூலெட்-பேக்கர்டு நிறுவனத்தில் பணியாற்றிய சீக்ஃபிரீட் லிங்க்விட்சு 1976 ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையின் வழி இது அறிமுகமானது. இதன் நான்காம் படி வடிவம், ஆக்டேவுக்கு 24 டெசிபல் வீதம் தேவையற்ற ஒலியைக் குறைக்கின்றது.

கவனிக்க வேண்டியவை

இரு சோடி முனைகளையும் இணைக்கும் உலோகத் தகடுகளை முதலில் கழற்றிவிட வேண்டும். மறந்துவிட்டால் ஒரு பெருக்கியின் வெளியீடு மற்றதன் வெளியீட்டுடன் நேரே இணைந்து, இரண்டும் பழுதாகக் கூடும். ட்வீட்டருக்கு வால்வு பெருக்கியும் வூஃபருக்கு டிரான்சிஸ்டர் பெருக்கியும் பயன்படுத்துவோர் உளர். அவற்றின் பெருக்கம் சமமாக இல்லாவிடில் இசையின் சமநிலை கெடும். 3 டெசிபல் வேறுபாடே காதுக்குத் தெளிவாகத் தெரியும்.

ஆக்டிவ் முறையில் ட்வீட்டருக்குக் காப்பு ஏதும் இல்லை. பெருக்கியை இயக்கும்போது எழும் ஒரு துடிப்பே அதன் மெல்லிய கம்பிச்சுருளை எரித்துவிடலாம் என்பதால், தொடராக ஒரு மின்தேக்கியைச் சேர்ப்பது வழக்கம்.