எலுமிச்சம்பழமும் ஒரு நோபல் பரிசும்

'லாஸ்ட் பிரைஸ் எவ்ளோ சார்?'

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு போன் அடித்து, 'ஹலோ'கூட சொல்லாமல் ஒருவர் இப்படிக் கேட்கிறார் என்றால், நீங்கள் பேப்பரில் கார் விற்பனைக்கு விளம்பரம் கொடுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்!

2012-ல் என் பழைய மாருதி 800-ஐ விற்கக் கிளம்பினேன். 2001 மாடல், சிங்கிள் ஓனர், விலை 85 ஆயிரம். இரண்டு வாரத்தில் நாற்பது போன், நேரில் வந்தவர்கள் பதினோரு பேர். ஒருவர் குடும்பத்தோடு வந்தார். 'டெஸ்ட் டிரைவ்' என்று பீச் வரை போய், சுண்டல் சாப்பிட்டுத் திரும்பி, 'வீட்ல கலந்து பேசிட்டுச் சொல்றேன் சார்' என்றார். வீடே பின்சீட்டில்தான் உட்கார்ந்திருந்தது! இன்னொருவர், 'எனக்குத்தான் சார், சொந்த யூஸுக்கு' என்று சத்தியம் செய்தார். கிளம்பும்போது, 'பார்ட்டிகிட்ட சொல்லிப் பார்க்கறேன்' என்று வாய் தவறிவிட்டார். புரோக்கர்!

அந்தக் கடுப்பில்தான், பழைய கார் வியாபாரத்தின் பூர்வீகத்தைப் புரட்ட ஆரம்பித்தேன். புரட்டினால், உள்ளே இருந்து ஒரு நோபல் பரிசு விழுகிறது!

முதலில் நம் ஊர்க் கதை. ஒரு காலத்தில் இந்தியாவில் பழைய கார் விற்பவர்தான் ராஜா. அறுபதுகளில் இங்கே கார் தயாரித்தவை முக்கியமாக மூன்றே கம்பெனிகள். அம்பாசடர் செய்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பியட் செய்த பிரீமியர், அப்புறம் ஹெரால்டு செய்த நம்ம சென்னை ஸ்டாண்டர்டு. எத்தனை கார் செய்யலாம் என்பதற்கு லைசென்ஸ். வெளிநாட்டுக் கார் இறக்குமதிக்குக் கெடுபிடி. பணத்தைக் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். யாருக்கு எந்த வரிசையில் கார் என்பதை ஒழுங்குபடுத்த, 1959-ல் மத்திய அரசு ஒரு தனி ஆணையே போட்டது. வாங்கிய புதுக் காரைக் குறிப்பிட்ட காலத்துக்குள் அனுமதியில்லாமல் விற்கக்கூடாது என்றும் அதில் நிபந்தனை. ஏன் தெரியுமா? வாங்கிய கையோடு விற்றால் நல்ல லாபம்! புதுக் கார் கம்பெனி விலைக்கு; ஆனால் எப்போது வரும் என்று தெரியாது. பழைய கார் அதைவிட அதிக விலைக்கு. ஆனால் இன்றைக்கே கிடைக்கும். காத்திருக்கும் வருஷங்களுக்கும் சேர்த்து விலை.

அப்படிப்பட்ட காலத்தில் 'சும்மா பார்க்க வந்தேன் சார்' ஆசாமிக்கு வேலையே இல்லை. அவர் யோசித்து முடிப்பதற்குள் அடுத்தவர் சாவியை வாங்கிக்கொண்டு போயிருப்பார்.

1983 டிசம்பர் 14-ம் தேதி, முதல் மாருதி 800-ன் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார். காற்று திசை மாற ஆரம்பித்தது. 1993-ல் கார் தொழிலுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்றானது. மறைமலைநகரிலிருந்து ஃபோர்டு, இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் என்று கார்கள் வரிசைகட்டின. வரிசையில் நின்ற ஜனம் ஷோரூமில் உட்கார்ந்து காபி குடிக்க ஆரம்பித்தது. வாங்குகிறவர் ராஜாவானார்; விற்கிறவர் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

இனி அமெரிக்கா. 1966-67. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த இளம் பொருளாதாரப் பேராசிரியர், ஜார்ஜ் அகெர்லாஃப். அவருக்கு ஒரு சந்தேகம். புதுக் கார் விற்பனை வருடத்துக்கு வருடம் ஏன் இப்படி ஏறி இறங்குகிறது? ஆராயப் போனவர், பழைய கார் சந்தையில் வந்து மாட்டிக்கொண்டார்.

அமெரிக்கப் பேச்சுவழக்கில் ஓட்டை உடைசல் காருக்கு 'லெமன்' என்று பெயர். எலுமிச்சம்பழம்! அகெர்லாஃப் தன் கட்டுரைக்கே 'லெமன் சந்தை' என்றுதான் தலைப்பு வைத்தார்.

அவர் சொன்னது இதுதான். நம்ம கணக்கில் சொல்கிறேன். சந்தையில் பாதி கார் நல்லது, ஒரு லட்சம் பெறும். பாதி கார் டப்பா, ஐம்பதாயிரம் பெறும். எது எது என்று விற்பவருக்குத் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. அவர் என்ன செய்வார்? நடுவாந்திரமாக எழுபத்தைந்தாயிரம் என்பார். டப்பா வைத்திருப்பவருக்கு அது லாட்டரி. நல்ல கார் வைத்திருப்பவரோ, 'போய்யா, நானே ஓட்டிக்கறேன்' என்று வீட்டுக்குத் திரும்பிவிடுவார். இப்போது சந்தையில் டப்பாக்களின் விகிதம் கூடுகிறது. அது தெரிந்து வாங்குகிறவர் இன்னும் விலையைக் குறைக்கிறார். மிச்சமிருக்கும் நல்ல கார்களும் விலகுகின்றன. கடைசியில் ஒரு ஏமாற்றுக்காரன்கூட வாயைத் திறக்காமலேயே சந்தை படுத்துவிடும்!

இவ்வளவுதானா என்கிறீர்களா? பத்திரிகைகளும் அப்படித்தான் கேட்டன. 1967 ஜூனில் கட்டுரையை அனுப்பிவிட்டு, ஒரு வருடத்துக்கு இந்தியா வந்துவிட்டார் அகெர்லாஃப். முதல் பத்திரிகை, 'இவ்வளவு அற்பமான விஷயத்தை நாங்கள் வெளியிடுவதில்லை' என்கிற ரீதியில் திருப்பி அனுப்பியது. இரண்டாவதும் அதே பாட்டு. மூன்றாவது பத்திரிகைதான் வேடிக்கை. 'இது உண்மையென்றால் பொருளாதாரமே வேறு மாதிரி இருக்க வேண்டுமே!' என்றது. நாலாவது பத்திரிகை 1970-ல் வெளியிட்டது. மொத்தம் பதிமூன்றே பக்கம். 2001-ல் அகெர்லாஃப், மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் மூவருக்கும் சேர்த்துப் பொருளாதார நோபல் பரிசு. அதே 2001-ல்தான் இங்கே மாருதி கம்பெனி, பழைய கார்களைச் சோதித்து வாரன்டியோடு விற்க 'ட்ரூ வேல்யூ' கடைகளைத் திறந்தது. வாரன்டி என்பது லெமன் நோய்க்கு அகெர்லாஃப் கட்டுரையிலேயே இருந்த மருந்து.

அந்தக் கட்டுரையில் நம் வீட்டுப் பெண்களும் இருக்கிறார்கள். இந்தியக் கடைத்தெருவில், அரிசியின் நிறத்திலும் வடிவத்திலும் இருக்கும் கல்லை வேண்டுமென்றே கலக்கிறார்கள். குடும்பத் தலைவி உட்கார்ந்து அதைப் பொறுக்க வேண்டியிருக்கிறது என்று எழுதியிருக்கிறார். முறமும் கையுமாக உட்கார்ந்த நம் பாட்டிகளுக்கு இந்த லெமன் தத்துவம் எப்போதோ தெரியும்!

சரி, அகெர்லாஃப் பேசியது வாங்குகிறவரின் அறியாமையை. என் பிரச்னை வேறு. வருகிறவர் நிஜமாகவே வாங்குவாரா, பொழுதுபோகாமல் வந்தாரா என்று எனக்குத் தெரியவில்லையே? அதற்கு மற்ற இரண்டு பேரிடம் விடை இருந்தது.

தனக்குத் தெரிந்ததைச் சும்மா சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். பொய்க்காரனால் தாங்க முடியாத ஒரு செலவைச் செய்து காட்டினால் நம்புவார்கள். இது ஸ்பென்ஸ். எதிராளியின் மனசு தெரியாதா? அவன் முன்னால் நிபந்தனைகளை வை. எதை எடுக்கிறான் என்பதிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும். இது ஸ்டிக்லிட்ஸ். பாட்டி பாஷையில் சொன்னால், முறத்தில் போட்டுப் புடைப்பது.

மூன்றாவது வாரம் நானும் புடைத்தேன். போனிலேயே குறைகளை முதலில் சொன்னேன். 'இடது பின்கதவுல டிங்கரிங் பண்ணியிருக்கு, ஏ.சி. சுமார்தான்.' பாதிப் பேர் அங்கேயே கழன்றார்கள். 'லாஸ்ட் பிரைஸ்' கேட்டவர்களிடம், 'போன்ல விலை பேசறதில்லை. சனிக்கிழமை பத்து மணிக்கு உங்க மெக்கானிக்கோட வாங்க' என்றேன். மெக்கானிக்குக்குக் கூலி கொடுத்துக் கூட்டிவருபவர் சுண்டல் பார்ட்டியாக இருக்க முடியாது. என் பங்குக்கு சர்வீஸ் பில்களை ஃபைல் போட்டு மேஜையில் வைத்தேன். 'பிடிச்சிருந்தா ஐயாயிரம் அட்வான்ஸ், கையோட ரசீது. இல்லேன்னா அடுத்தவருக்குக் காட்டுவேன்' என்றும் சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை வந்தது மூன்றே பேர். இரண்டாவதாக வந்தவர் ஒரு ரிட்டயர்டு பள்ளிக்கூட வாத்தியார். 80 ஆயிரத்துக்கு முடிந்தது.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். பணம் கைக்கு வந்ததும், கையெழுத்துப் போட்ட பாரத்தைக் கொடுத்துவிட்டு 'நேம் டிரான்ஸ்ஃபரை நீங்களே பார்த்துக்குங்க' என்று சாவியை நீட்டிவிடுகிறார்கள். 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவர்தான் ஓனர். ஒரே மாநிலத்துக்குள் விற்றால், விற்றவர் 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள் கெடு. 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு வழக்கு வந்தது. விற்று, கை மாறி, மேலும் கை மாறிப் போன கார், விபத்தில் சிக்கியது. ஆர்.சி. புக்கில் முதல் ஆள் பெயரே இருந்தது. நஷ்ட ஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று தீர்ப்பு. ஸ்டியரிங்கைத் தொட்டே வருஷக்கணக்கான மனுஷன்!

அதனால் நான் வாத்தியாரையும் கூட்டிக்கொண்டு திங்கட்கிழமையே ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போனேன். 29, 30 என்ற இரண்டு பாரங்களிலும் கையெழுத்துப் போட்டு அங்கேயே கொடுத்தோம். டெலிவரி நோட்டில் தேதி மட்டுமல்ல, மணியும் எழுதி வாங்கிக்கொண்டேன்.

எல்லாம் முடிந்து, காரை எடுக்கும் முன் வாத்தியார் மஞ்சப்பையைத் திறந்தார். நாலு எலுமிச்சம்பழம். ஒவ்வொரு டயருக்கு அடியிலும் ஒன்றாக வைத்து, சாமி கும்பிட்டுவிட்டு வண்டியை நகர்த்தினார். 'பச்'சென்று நசுங்கிற்று.

அமெரிக்காக்காரனுக்கு மோசமான கார்தான் லெமன். நமக்கு, லெமன் டயருக்கு அடியில் நசுங்கினால்தான் கார் சொந்தம்!