ஆள் மாறினா குழு மாறுமா? பிளாக்வுட் பிரதர்ஸும் கத்தீட்ரல்ஸும்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்புக்காகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறோம்.)

டிசம்பர் வந்தா தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை பக்கம் ராத்திரி நேரத்துல கிட்டார் சத்தம் கேட்கும். கேரல் ரவுண்ட்ஸ் வேன் கிளம்பியிருக்கும். அதுக்கு முந்தின மாசம் கொயர் பிராக்டிஸ்ல ஒரு பிரச்சினை கண்டிப்பா ஓடும்: "பேஸ் பாடின அண்ணன் பெங்களூருக்கு வேலைக்குப் போயிட்டாரு. இந்த வருஷம் யாரு பாடறது?"

கல்லூரி கொயர்ல இது இன்னும் தெளிவா தெரியும. மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி 1937-இல் தாம்பரத்துக்கு வந்தது. அது மாதிரி ஒரு கேம்பஸ்ல யுஜி படிப்பு மூணு வருஷம். அதாவது மூணு வருஷத்துல கொயர்ல இருக்கிற முகங்கள் ஏறக்குறைய மொத்தமா மாறிடும். பெயர் மட்டும் மாறாது. அப்போ, அது அதே கொயரா?

நாற்பது பேர் பாடுற கொயர்ல இந்தக் கேள்வியைத் தள்ளிப்போடலாம். நாலே பேர் பாடுற குழுவில் முடியாது. ஒருத்தர் போனா கால்வாசிக் குழு போயிடுச்சு. அதனால இன்றைக்கு நாம பார்க்கப்போவது அமெரிக்கத் தென் மாநிலங்களின் 'சதர்ன் காஸ்பல்' குவார்டெட்கள். ஒரு குழு பெரிய இழப்புக்குப் பிறகும் தொடர்ந்தது. இன்னொரு குழு, புகழின் உச்சத்திலேயே கடையைச் சாத்தியது. ரெண்டுக்கும் காரணம் அவர்களின் லைனப்பிலேயே இருக்கிறது என்பதுதான் என் வாதம்.

நாலு குரல், நாலு வேலை

முதலில் அடிப்படை. நம்ம சர்ச் கொயர்ல சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்று நாலு பகுதி. மேல் ரெண்டும் பெண் குரல்கள். சதர்ன் காஸ்பல் குவார்டெட்டின் பழைய வடிவத்தில் நாலு பேரும் ஆண்கள். மெட்டைப் பெரும்பாலும் பாடுபவர் 'லீட்'. அவருக்கு மேலே டெனர். கீழே பாரிடோன். அடியில் பேஸ். பக்கத்தில் ஒரு பியானோ.

இந்த வடிவம் பிரபலமானதற்கு ஒரு வியாபாரக் காரணம் உண்டு. டென்னசி மாநிலத்தின் லாரன்ஸ்பர்க் ஊரில் ஜேம்ஸ் டி. வாகன் என்ற பாட்டுப் புத்தகப் பதிப்பாளர் இருந்தார். புத்தகம் விற்கணும்னா பாட்டை யாராவது பாடிக் காட்டணும் இல்லையா? 1910-இல் நாலு பேரைச் சம்பளத்துக்கு வைத்து ஊர் ஊராக அனுப்பினார். நடமாடும் விளம்பரம், அவ்வளவுதான். அந்தப் புத்தகங்களில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தனி வடிவத்தில் குறி இருக்கும். முக்கோணம், சதுரம், இப்படி. நம்ம ஊர் கொயர்களில் டோ, ரே, மி எழுத்துகளை வைத்துப் பழகும் டானிக் சோல்ஃபா முறை தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஸ்டாஃப் நொட்டேஷன் படிக்காத சாதாரண விசுவாசியும் நாலு பகுதியாகப் பாட வேண்டும். ரெண்டு முறைக்கும் நோக்கம் அதுதான்.

ஒன்றைச் சொல்லாமல் போகக் கூடாது. 'சதர்ன் காஸ்பல்' என்று நாம் சொல்வது வெள்ளையர் குவார்டெட்களின் உலகம். அதே காலத்தில் கருப்பினக் குவார்டெட்களும் இருந்தன: கோல்டன் கேட் குவார்டெட், டிக்ஸி ஹம்மிங்பேர்ட்ஸ், சோல் ஸ்டிரர்ஸ். ஒரே வேதம், பல நேரம் ஒரே பாட்டு. ஆனா இனப் பாகுபாட்டுச் சட்டங்கள் இருந்த ஊரில் மேடையும் வேறு, ரேடியோ நேரமும் வேறு, புகழும் வேறு. லைனப் மாற்றம் என்றால் சோல் ஸ்டிரர்ஸ்தான் இன்னொரு பெரிய பாடம். 1950-இல் ஆர்.ஹெச். ஹாரிஸ் விலகினார், அவர் இடத்துக்கு வந்த இளைஞர் சாம் குக். 1957-இல் சாம் குக் பாப் இசைக்குப் போனார். அந்த இடத்துக்கு ஜானி டெய்லர் வந்தார். ஒரே இடத்தில் அடுத்தடுத்து மூன்று பெரிய பாடகர்கள்.

லைனப் 1: ஒரு குடும்பம்

1934. மிசிசிப்பி மாநிலத்தின் சாக்டா கவுண்டி. ராய், டாயில், ஜேம்ஸ் என்று மூன்று பிளாக்வுட் சகோதரர்கள். நாலாவது ஆள், ராயின் மகன் ஆர்.டபிள்யூ. அப்போது ஜேம்ஸுக்குப் பதினைந்து வயதுதான். சித்தப்பா ஜேம்ஸுக்கும் அண்ணன் மகன் ஆர்.டபிள்யூ.வுக்கும் ரெண்டு வயசுதான் வித்தியாசம். முறைப்படி சித்தப்பா-மகன், வளர்ந்தது அண்ணன் தம்பி மாதிரி.

கவனியுங்க, 'பிரதர்ஸ்' என்ற பெயர் முதல் நாளிலேயே முழு உண்மை இல்லை. நமக்கு இது புதுசும் இல்லை. கர்நாடக இசையில் 'ஆலத்தூர் சகோதரர்கள்' உடன்பிறந்தவர்கள் அல்ல. சிவசுப்ரமணிய ஐயரின் அப்பா வெங்கடேச ஐயரிடம் பாட்டு கற்க வந்தவர்தான் சீனிவாச ஐயர். சேர்ந்து பாடிப் பாடி உருவான சகோதரத்துவம் அது.

லைனப் 2: ஒரு தொழில்முறைக் குழு

1940-இல் பிளாக்வுட் குழு அயோவா மாநிலத்துக்குப் போய் ரேடியோவில் பாடியது. 1950-இல் மெம்ஃபிஸ் நகரத்துக்கு மாறியது. மூத்த சகோதரர்கள் மேடையிலிருந்து விலகினார்கள். 1954 தொடக்கத்தில் லைனப் இது: டெனர் பில் ஷா, லீட் ஜேம்ஸ், பாரிடோன் ஆர்.டபிள்யூ., பேஸ் பில் லைல்ஸ், பியானோ ஜாக்கி மார்ஷல். நாலு பாடகர்களில் ரெண்டு பேர்தான் குடும்பம். மற்ற ரெண்டு பேரும் குரலுக்காக வந்தவர்கள்.

1954 ஜூன் மாதம் ஆர்தர் காட்ஃப்ரியின் டேலண்ட் ஸ்கவுட்ஸ் போட்டியில் இவர்கள் ஜெயித்தார்கள். இன்றைய சூப்பர் சிங்கர் ஃபைனல் ஜெயிப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாடு முழுக்கப் பெயர் தெரிந்தது. ஊர் ஊராகப் போக சொந்த விமானம். ஓட்டுபவர் ஆர்.டபிள்யூ.

அதே மாதம் 30-ஆம் தேதி. அலபாமாவில் கிளாண்டன் என்ற சின்ன ஊர். நிகழ்ச்சி முடிந்து இரவில் கிளம்ப வேண்டும். ரன்வே சின்னது. வெளிச்சம் இருக்கும்போதே ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று ஆர்.டபிள்யூ. விமானத்தை எடுத்தார். கூட பில் லைல்ஸும் உள்ளூர் இளைஞர் ஒருவரும் ஏறினார்கள். இறங்கும்போது விமானம் விழுந்து எரிந்தது. மூன்று பேரும் இறந்தார்கள். ஜேம்ஸ் தரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 2-ஆம் தேதி மெம்ஃபிஸின் எல்லிஸ் ஆடிட்டோரியத்தில் இறுதிச் சடங்கு. வந்த கூட்டத்தில் பத்தொன்பது வயது எல்விஸ் பிரெஸ்லியும் ஒருவர். பிளாக்வுட் குடும்பம் போகும் சபைக்குத்தான் அவரும் போவார். மூன்றே நாளில், ஜூலை 5-ஆம் தேதி, சன் ஸ்டுடியோவில் அவர் தன் முதல் பெரிய பாட்டைப் பதிவு செய்தார். அமெரிக்க இசையின் ரெண்டு கதைகள் ஒரே வாரத்தில் ஒரே ஊரில் உரசிக்கொண்டு போகின்றன.

லைனப் 3: நிரப்பப்படாத வெற்றிடம்

சில வாரங்களில் பிளாக்வுட் பிரதர்ஸ் திரும்பப் பாட ஆரம்பித்தார்கள். பாரிடோன் இடத்துக்கு வந்தவர் செசில். இறந்துபோன ஆர்.டபிள்யூ.வின் தம்பி. வயது பத்தொன்பது. அண்ணன் நின்ற இடத்தில் நின்று, அண்ணன் பாடிய பகுதியை, அண்ணனுக்காக அழுத கூட்டத்தின் முன்னால் பாட வேண்டும். யோசிச்சுப் பாருங்க.

செசில் அதுவரை பாடியது 'சாங்ஃபெலோஸ்' என்ற இளைஞர் குழுவில். அந்தக் குழுவில் சேர முயன்று இடம் கிடைக்காதவர் எல்விஸ்! இப்போது அங்கே ஒரு இடம் காலி. ஆனா எல்விஸின் வண்டி அதற்குள் வேறு பாதையில் திரும்பிவிட்டது.

பேஸ் இடத்துக்கு வந்தவர் ஜே.டி. சம்னர், சன்ஷைன் பாய்ஸ் குழுவிலிருந்து. இந்த மாற்றம்தான் இசையில் பெரிசு. லைல்ஸின் பேஸ் வட்டமானது, மென்மையானது. மற்ற மூன்று குரலுக்கும் பாய் விரித்த மாதிரி இருக்கும். சம்னர் அந்தப் பாய்க்கும் அடியில் போய்விடுவார். பாட்டின் கடைசியில் குரல் படிப்படியாக இறங்கும்போது கூட்டம் கைதட்டும். மிகத் தாழ்ந்த குரல் என்று கின்னஸ் புத்தகத்தில் பல வருஷம் அவர் பெயர் இருந்தது. பாட்டும் எழுதுவார், ஜோக்கும் அடிப்பார். அடியில் தாங்கிய குரலின் இடத்தில், ஷோவைத் தூக்கிக்கொண்டு போகும் குரல் வந்துவிட்டது.

போக்குவரத்தும் மாறியது. விமானத்தை விட்டார்கள், பஸ்ஸை வாங்கி உள்ளே படுக்கை வசதி செய்துகொண்டார்கள். காஸ்பல் குழுக்கள் சொந்த பஸ்ஸில் டூர் போகும் வழக்கத்தைத் தொடங்கியவர் என்ற பெயர் சம்னருக்குத்தான்.

லைனப் 2-ஐயும் 3-ஐயும் ஒப்பிட்டு "எது பெஸ்ட்?" என்று ரசிகர்கள் இன்றைக்கும் சண்டை போடுவார்கள். என் பதில்: தொழில்நுட்பத்தில் ரெண்டும் ஒரே உயரம். ஆனா மூன்றாவது லைனப் பிழைத்ததற்குக் காரணம் அது ரெண்டாவதைக் காப்பி அடிக்காததுதான். லைல்ஸ் மாதிரியே பாடும் ஒருவரைத் தேடியிருந்தால், ஒவ்வொரு மேடையிலும் மக்கள் லைல்ஸைத்தான் தேடியிருப்பார்கள். ஜேம்ஸ் வெற்றிடத்தை நிரப்பவில்லை. பக்கத்தில் வேறொன்றைக் கட்டினார். நடுவில் மெட்டைப் பாடும் ஜேம்ஸின் குரல் மாறாமல் இருந்ததால், ஓரங்கள் மாறினாலும் கேட்பவர்களுக்கு வீடு அதே வீடாக இருந்தது.

1965-இல் சம்னர் ஸ்டாம்ப்ஸ் குவார்டெட்டுக்குப் போனார். 1971 முதல் அந்தக் குழு எல்விஸுக்குப் பின்னணி பாடியது. 1977-இல் எல்விஸின் இறுதிச் சடங்கிலும் சம்னரும் ஜேம்ஸும் பாடினார்கள்.

கத்தீட்ரல்ஸ்: ரெண்டு தூண்

இப்போ எதிர்ப்பக்கம். ஒஹாயோ மாநிலத்தின் ஏக்ரன் நகருக்குப் பக்கத்தில் ரெக்ஸ் ஹம்பார்டின் 'கத்தீட்ரல் ஆஃப் டுமாரோ' என்ற பெரிய சபை. அங்கே 1963-இல் ஒரு மூவர் குழு. அடுத்த வருஷம் பேஸ் பாட ஜார்ஜ் யான்ஸ் வந்து சேர, அது கத்தீட்ரல் குவார்டெட் ஆனது. லீட் பாடியவர் கிளென் பெயின்.

இந்த ரெண்டு பேரும் கடைசிவரை நகரவில்லை. டெனரும் பாரிடோனும் மாறிக்கொண்டே இருந்தன. டெனர் வரிசையைக் கேளுங்க: பாபி கிளார்க், மேக் டான்டன், ராய் டிரெம்பிள், கர்க் டாலி, டேனி ஃபண்டர்பர்க், கர்ட் யங், எர்னி ஹாஸ். 1979-இல் டெனர், பாரிடோன், பியானோ மூன்று பேரும் சேர்ந்தே கிளம்பினார்கள். மிச்சம் பெயினும் யான்ஸும்தான். இளைஞர்களைச் சேர்த்துத் திரும்பக் கட்டினார்கள். அவர்களின் பெரிய புகழ் அதற்குப் பிறகுதான் வந்தது.

ஆக ஒரு கட்டத்துக்கு மேல் அது ஒரு பள்ளிக்கூடம். வருபவர் கற்றுக்கொண்டு போய்த் தனிக் குழு தொடங்குவார். கிரேட்டர் விஷன், லெகசி ஃபைவ், சிக்னேச்சர் சவுண்ட், எல்லாம் அங்கே பாடியவர்கள் தொடங்கியவை.

1999-இல் விடைபெறும் சுற்றுப்பயணம். அதன் நடுவிலேயே பெயினுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. அக்டோபர் 15-இல் இறந்தார். அந்த வருஷத்தோடு கத்தீட்ரல்ஸ் முடிந்தது. இளம் டெனர் இருந்தார், பாரிடோன் இருந்தார், பெயரை வைத்து ஹால் நிரப்பலாம். ஆனா பெயரைத் தொடரவில்லை. யான்ஸ் 2005-இல் இறந்தார்.

எப்போ தொடரலாம், எப்போ நிறுத்தலாம்?

ரெண்டு முடிவும் சரி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 1954-இல் அந்தக் குழுவின் அடையாளம் ஜேம்ஸின் குரலிலும் குடும்பப் பெயரிலும் இருந்தது. ரெண்டும் உயிரோடு இருந்தன. அதனால தொடர்ந்தது நியாயம். 1999-இல் அடையாளமே பெயின்-யான்ஸ் ஜோடிதான். அதில் பாதி போன பிறகு, பெயர் வெறும் போர்டுதான்.

நம்ம கொயர்களுக்கும் பேண்டுகளுக்கும் இதில் ஒரு விஷயம் இருக்கு. புதுசா வந்த பையனிடம் "அண்ணன் மாதிரி பாடு" என்று சொல்வதுதான் நாம் வழக்கமா செய்யும் தப்பு. அவன் குரல் எங்கே போகுமோ, அங்கே போக விடுங்க. பாட்டை அவனுக்கு ஏற்ற மாதிரி மாற்றுங்க. பத்தொன்பது வயது செசில் அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் அந்தக் குழுவில் பாடினார். யாரும் அவரை 'தம்பி' என்று மட்டும் பார்க்கவில்லை.

கேட்க விரும்புறவங்களுக்கு ஒரு சின்ன ஹோம்வொர்க். ஹெட்போன் போட்டுக்கோங்க. பிளாக்வுட் பிரதர்ஸின் 1954-க்கு முந்தைய ரெக்கார்டிங் ஒன்று, ஐம்பதுகளின் பிற்பகுதியில் வந்த ரெக்கார்டிங் ஒன்று எடுங்க. மெட்டை விட்டுவிட்டு, அடியில் ஓடும் குரலை மட்டும் தொடருங்க. யார் போனார், யார் வந்தார் என்று நான் சொல்லாமலே தெரியும்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.